ஆய்வுக்கூட வாசலில் அக்காவும் தம்பியும்

"பல் டாக்டர் இங்கேயா உக்காந்திருக்காரு?" என்று கேட்டான் கொராடோ.

"பழைய கார் இங்கேயா விக்கிறாங்க?" என்று திருப்பிக் கேட்டாள் கிராசியெல்லா.

சென்ற வாரம் இருவரையும் நாம் விட்டு வந்தது இந்த இடத்தில்தான். அடிலெய்டு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், மின்பொறியியல் கட்டடத்தின் மூன்றாவது மாடி நடைக்கூடம். பல்வலி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு அக்கா வந்திருந்தாள். கார் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தம்பி வந்திருந்தான். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவனுக்கு இருபத்தாறு. இருவர் கையிலும் ஒரே நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு.

மின்சக்தித் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரே ஓர் இடம். மூன்றரை வருடம். கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் உதவித்தொகை. எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பேட்டரியில் ஓடும் ஒரு ஊர், கம்பி அறுந்தால் தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்ளும்?

நாடெங்கும் இருந்து விண்ணப்பித்தவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாமவர் முந்தின நாள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். மிஞ்சியது மினெர்வினி வீட்டுப் பிள்ளைகள் இருவரும்தான்.

"நீ உள்ள போடா. நான் ஊருக்குக் கிளம்பறேன்" என்று பையை எடுத்தாள் கிராசியெல்லா.

"நீ கிளம்பினா நானும் கிளம்புவேன். ரெண்டு பேரும் கார் பார்க்ல உக்காந்து இறைச்சி பப்ஸ் வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குப் போலாம். அந்த இடத்தை நாற்காலி மேஜைக்குக் குடுக்கட்டும்."

"விளையாடாதே. உனக்குத்தான் இது சரியான வயசு."

"அக்கா, இந்தக் கேள்வியைக் கண்டுபிடிச்சதே நீதான்."

அது உண்மை. அதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

இவர்களுடைய ஊர் போர்ட் மெரின், ஸ்பென்சர் வளைகுடா ஓரத்து மீன்பிடி ஊர். வெகுதூரம் ஓடிவரும் ஒற்றை மின்தடத்தின் கடைசி முனை. புயலில் தடம் எங்கே அறுந்தாலும் ஊர் இருண்டு போகும். அதற்காக ஊர் எல்லையில் ஒரு பெரிய பேட்டரியை வைத்தார்கள். வெளித்தடம் போனால் ஊர் பேட்டரியில் நிற்கும். எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்பு ஒரு மாலையில், ஊர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த நேரம், துறைமுகச் சாலையில் ஒரு மின்கம்பி அறுந்து விழுந்தது. வழக்கமாக என்ன ஆகும்? கம்பி தரையைத் தொட்டதும் மின்னோட்டம் வெள்ளமாகப் பாயும். காவலுக்கு இருக்கும் ரிலே அந்த வெள்ளத்தைப் பார்த்ததும் இணைப்பைத் துண்டிக்கும். பெரிய மின்நிலையங்களால் அப்படிப் பாய்ச்ச முடியும். பேட்டரியின் இன்வெர்ட்டரால் முடியாது. அது தன் உடம்பைப் பார்த்துக்கொண்டு அளந்துதான் கொடுக்கும். வெள்ளம் வரவில்லை. ரிலேவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரச் சாலையில் கம்பி உயிரோடு கிடந்தது.

ரிலேக்களைச் சோதிப்பதுதான் கிராசியெல்லாவின் வேலை. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்தாள். வேனைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினாள். மழையில் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடி, வலைப்பந்து ஆடிவிட்டு வந்த பெண்பிள்ளைகளின் பேருந்தை மறித்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அவளால் முடியவில்லை. நிறுவனத்தில் அனுமதி வாங்கி, விடுமுறை நாட்களில் கம்பம் கம்பமாக அளவுக் கருவி பொருத்தினாள். புயல் வந்த ஒவ்வொரு முறையும் அலைகளைப் பதிவு செய்தாள். அந்த அளவுகளை வைத்து கொராடோ தன் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு கணித மாதிரி உருவாக்கினான். பதக்கம் வாங்கினான். பட்டமளிப்பு விழாவில் எல்லோரையும் விட அதிகமாகக் கை தட்டியவள் அவள்தான்.

"சரி, ரெண்டு பேரும் உள்ள போவோம். யாருக்குக் கெடைச்சாலும் இன்னொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது" என்றாள் கிராசியெல்லா.

"உனக்குக் கெடைச்சா ஒரு வாரம் தூக்கி வெச்சுப்பேன். அப்புறம் சரியாயிடுவேன்."

அவள் சிரித்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. அம்மா.

"பல்லு என்னடி ஆச்சு?"

"இன்னும் கூப்பிடலைம்மா. உக்காந்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்து மேலே ஒலிபெருக்கி பேசியது. இது அபாய மணிச் சோதனை மட்டுமே, யாரும் வெளியேற வேண்டாம்.

அவள் போனை வைத்தாள். உடனே கொராடோவின் கைப்பேசி அடித்தது.

"கார் பாத்தியாடா?"

"பாத்துக்கிட்டே இருக்கேம்மா. சிவப்புக் கலர்."

ஒலிபெருக்கி மறுபடியும் அதையே சொன்னது. இரண்டு போனிலும் ஒரே குரல் அம்மாவின் காதில் விழுந்தது. அம்மா நுன்ஸியா மினெர்வினி இருபது வருடத்துக்கு மேல் மீன்கடை நடத்துகிறவள். எது நேற்றைய மீன் என்று கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவாள்.

"உன் சிவப்புக் கார் பல் டாக்டர் வீட்டுக்குள்ளயா நிக்குது?" என்றாள். "அக்காகிட்டக் குடு போனை. வேண்டாம். மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவந்தேன், இங்க அடிலெய்டுலதான் இருக்கேன். நானே வரேன். எந்த எடம்னு மட்டும் சொல்லு."

*

முதலில் கொராடோவைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் பேராசிரியர் ரோவீனா ட்ரெலோர். ஆள் சிறியவர், குரல் பெரியது. காதுக்கொன்றாக இரண்டு பென்சில் செருகியிருந்தார். ஒன்று இருப்பதை மறந்து இன்னொன்றைச் செருகியிருக்க வேண்டும்.

கொராடோ நன்றாகப் பேசினான். அவன் சமன்பாடுகள் பலகையில் தடுமாறாமல் இறங்கின. இடையிடையே கேட்ட கேள்விகளுக்கு அவன் திணறவே இல்லை.

"உங்க கணக்கு அழகா இருக்கு. இதைச் சும்மா சொல்லலை" என்றார் ரோவீனா. "ஆனா இதுக்குப் பசி அதிகம். ஒவ்வொரு புயலுக்கும் புது அளவு கேக்கும். இன்னும் மூணு வருஷத்துக்கு அதை உங்களுக்கு யாரு எடுத்துக் குடுப்பாங்க?"

"எங்க அக்கா குடுப்பாங்க" என்றான் கொராடோ, யோசிக்காமலே.

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. கையிலிருந்த பேனாவைப் பலகையின் விளிம்பில் வைத்தான்.

"ஒரு நிமிஷம். நான் சொன்னதைத் திருத்திக்கறேன். அவங்க குடுக்க மாட்டாங்க. குடுக்கவும் கூடாது. அவங்களும் இந்த இடத்துக்குத்தான் வந்திருக்காங்க. வெளிய உக்காந்திருக்காங்க. எனக்கு வேணுங்கறதை அவங்க குடுத்துக் குடுத்து எனக்குப் பழகிப் போச்சு. அதான் வாயில அப்படி வந்துடுச்சு."

"இதைச் சொல்றதால உங்களுக்கு இடம் இல்லாம போகலாம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லாம விட்டிருக்கலாமே?"

"நீங்க கேட்ட கேள்விக்கு அது தப்பான விடை. தப்பான விடையை வெச்சுக்கிட்டு மேல கணக்குப் போட முடியாது."

ரோவீனா அவனை ஒரு முறை பார்த்தார். பிறகு நன்றி சொல்லி அனுப்பினார்.

வெளியே கிராசியெல்லா எழுந்து நின்றிருந்தாள். "எப்படிடா போச்சு?"

"நல்லா போச்சு. நீ போ. அந்தம்மாவுக்கு ரெண்டு காதுலயும் பென்சில் இருக்கும். பாத்ததும் சிரிச்சுத் தொலைக்காதே."

*

அவளை உட்கார வைக்கவில்லை. பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே ஆள் உயர அலமாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. எதிரே பெரிய திரை. அதில் ஒரு ஊரின் மின்தடங்கள் கோடுகோடாக ஓடின. கொஞ்சம் பார்த்ததுமே கிராசியெல்லா ஒவ்வொன்றாக அடையாளம் கண்டாள். துறைமுகச் சாலை. மருத்துவமனை. பள்ளிக்கூடம். ஐஸ் தொழிற்சாலை. விண்ணப்பத்தோடு அவள் அனுப்பியிருந்த அளவுகளை வைத்து, போர்ட் மெரினை முழுதாக அந்த இயந்திரத்துக்குள் கட்டியிருந்தார்கள். இத்தனை நாளும் அவள் தலைக்குள் மட்டுமே இருந்த ஊர், இன்னொருவர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க யோசனையைச் சொல்லுங்க" என்றார் ரோவீனா.

"வெள்ளம் வரும்னு ரிலே காத்துக்கிட்டிருக்கு. பேட்டரி ஊர்ல வெள்ளம் வராது. அதனால காத்திருக்கறதை விட்டுட்டு நாமளே தேடிப் போகணும்" என்றாள் கிராசியெல்லா. "பேட்டரியே கம்பில ஒரு சின்னத் துடிப்பை அனுப்பட்டும். சுவரைத் தட்டிப் பாத்து உள்ள காலியா இருக்கான்னு கேக்கறோமில்ல, அது மாதிரி. அறுந்த கம்பி வேற மாதிரி எதிரொலிக்கும்."

"செஞ்சு காட்டுங்க."

அவள் அமைப்புகளை மாற்றினாள். இயந்திரத்துக்குள் துறைமுகச் சாலைக் கம்பி அறுந்தது. பேட்டரி தட்டியது, கேட்டது. கண் சிமிட்டுவதற்குள் அந்த ஒரு கம்பி மட்டும் துண்டானது. மற்ற தெருக்கள் எல்லாம் வெளிச்சத்தோடு நின்றன. குழுவில் ஒருவர் தன்னை மறந்து "அடேயப்பா" என்றார்.

"இன்னொரு தடவை" என்றார் ரோவீனா. இந்த முறை அவரே எதையோ அழுத்தினார்.

கம்பி எதுவும் அறுபடவில்லை. ஐஸ் தொழிற்சாலையின் பெரிய மோட்டார் மட்டும் கிளம்பியது. அவ்வளவுதான். கிராசியெல்லாவின் முறை நல்ல கம்பியைத் துண்டித்தது. திரையில் பாதி ஊர் இருண்டது. மருத்துவமனையும் சேர்ந்து இருண்டது.

கிராசியெல்லா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த அலைகளை நெடுநேரம் பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"மோட்டார் கிளம்பறப்ப வர எதிரொலியும் அறுந்த கம்பி குடுக்கற எதிரொலியும் ஒண்ணு போல இருக்கு" என்றாள் கடைசியில். "ரெண்டையும் எப்படிப் பிரிக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

"ஒரு ஊகம்கூட இல்லையா?"

"ரெண்டு இருக்கு. ரெண்டுமே தப்பா இருக்கலாம். இங்க நின்னுக்கிட்டு அதுல ஒண்ணைச் சரின்னு சொன்னா, நாளைக்கு யாராவது அதை நம்பிக் கம்பியைத் தொடுவாங்க. அப்படிச் சொல்ல மாட்டேன்." அவள் திரும்பி ரோவீனாவைப் பார்த்தாள். "இது தெரிஞ்சிருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன். வேலையைப் பாத்துக்கிட்டு ஊர்லயே இருந்திருப்பேன். தெரியாததாலதான் மூணரை வருஷம் கேக்கறேன்."

ரோவீனா ஒரு காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எதையும் எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே வேலை. நிலையான சம்பளம். அதை விட்டுட்டு மாணவியா வரீங்க. வீட்டுல என்ன சொல்றாங்க?"

"என் வீட்டுக்காரர் டேல், கோதுமை லாரி ஓட்டறாரு. இப்ப அறுவடை நேரம், வீட்டுக்கே வரதில்லை. போன்ல கேட்டேன். 'நீ தினமும் தூக்கத்துலயும் கம்பியைப் பத்தித்தான் பேசறே, அதுக்கு யாராவது சம்பளம் குடுத்தா நல்லதுதானே'ன்னாரு. அம்மாகிட்டதான் இன்னும் சொல்லலை."

"ஏன்?"

கிராசியெல்லா திரைப் பக்கம் திரும்பி, இருண்டு கிடந்த பாதி ஊரை மறுபடியும் ஓட விடத் தொடங்கினாள்.

*

வாகன நிறுத்தத்தில், பூத்துக் கொட்டும் ஜகரண்டா மரத்தடியில் வெள்ளை வேன் நின்றிருந்தது. பக்கவாட்டில் நீல எழுத்தில் 'மினெர்வினி மீன்'. நுன்ஸியா ரப்பர் பூட்ஸோடு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் திட்டறேன்."

ரொட்டிக்குள் பொரித்த ஊசிமீன், எலுமிச்சை, கொஞ்சம் மிளகாய். இருவரும் நின்றபடியே தின்றார்கள். கடைசி வாய் உள்ளே போகும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

"ஏன்டீ என்கிட்ட சொல்லலை?"

"இவனுக்கு மேல்படிப்பு கெடைக்கணும்னு நீ கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருந்தே. நடுவுல நான் வந்து எப்படிச் சொல்றது?"

"ரெண்டு மெழுகுவத்தி ஏத்தத் தெரியாதா எனக்கு?"

கிராசியெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா விடவில்லை.

"அப்பாவைக் கடல் கொண்டு போனப்போ உனக்குப் பதினேழு வயசு. இவனுக்கு அஞ்சு. காரியம் முடிஞ்ச மறு வாரம் நீ பாட்டுக்குப் போய் வேலைல சேந்துட்டே. படிக்கணும்னு வாயைத் தெறந்து கேட்டியா? கேக்கலை. ராத்திரி ராத்திரியா உக்காந்து எட்டு வருஷம் பட்டத்துக்குப் படிச்சே. அப்பவும் எதுவும் கேக்கலை. நீ கேக்கறதில்லை. கேக்காதவளுக்கு ஒண்ணும் வேண்டாம் போலன்னு நானும் இருந்துட்டேன்." குரல் கொஞ்சம் தளர்ந்தது. "இனிமே அப்படி இருக்காதே. எனக்கு ஊகிக்கத் தெரியாது. மீனைத்தான் தெரியும்."

கொராடோ மெல்ல நகரப் பார்த்தான்.

"நீ எங்க போறே? சிவப்புக் காரு! உனக்கு அடுத்தது."

அந்த நேரத்தில் ரோவீனா படியிறங்கி வந்துகொண்டிருந்தார். தேடிக்கொண்டு வருகிறவர் நடை.

"நீங்கதான் பரீட்சை வெச்சவங்களா?" என்றாள் நுன்ஸியா. "சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

நுன்ஸியா உடனே அவர் கையில் ஒரு ரொட்டியைத் திணித்தாள். ரோவீனா இரண்டு வாய் தின்றார். விரலில் வழிந்த எலுமிச்சையைத் துடைத்துக்கொண்டார்.

"கிராசியெல்லா, இடம் உங்களுக்கு. குழுவுல மூணு பேரும் ஒரே மனசா சொன்னோம். எழுத்துல வரக் கொஞ்ச நாள் ஆகும். நேர்ல சொல்லணும்னு தோணிச்சு."

கிராசியெல்லா ஐஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூட அழாத மாதிரி அழுதாள். கொராடோதான் கத்தினான். வாகன நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். அக்காவை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினான். அவன் சொன்ன ஒரு வார மூஞ்சி, ஒரு நிமிடம்கூடத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்து, தோற்ற இடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நின்ற இளைஞன் வேறு ஒருவன் இல்லை.

"ஆனா அந்த மோட்டார் விஷயத்தை நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார் ரோவீனா.

"தெரியும்" என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள் கிராசியெல்லா.

ரோவீனா கொராடோவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் குடுக்க என்கிட்ட இடம் இல்லை. ஆனா கிரைஸ்ட்சர்ச்ல என்னோட பழைய மாணவி ஒருத்தி இருக்கா. இப்ப அங்க ஆராய்ச்சிக் குழு நடத்தறா. உங்க மாதிரி கணக்குத் தெரிஞ்ச ஆளைத் தேடிக்கிட்டிருக்கா. முழு உதவித்தொகை. இப்பதான் அவளோட பேசிட்டு வரேன். நீங்க என் கேள்விக்கு என்ன பதில் சொன்னீங்கங்கறதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அவளுக்கு உங்க முடிவு வேணும்."

"என்ன பதில் சொன்னே?" என்று கேட்டாள் கிராசியெல்லா.

"ஒண்ணுமில்லை" என்றான் கொராடோ.

"அந்த ஊர் எங்க இருக்கு?" என்றாள் நுன்ஸியா.

"நியூசிலாந்தும்மா. கடல் தாண்டி."

அவன் கண் அம்மாவின் இடுப்புக்குப் போய்விட்டு வந்தது. அவளுக்கு அங்கே எலும்பு தேய்ந்து போனதிலிருந்து, விடியுமுன் படகுத் துறைக்குப் போய்ப் பெட்டி தூக்கி வருவது அவன்தான். மகள் அடிலெய்டுக்கு வந்துவிடுவாள். மகனும் கடல் தாண்டிவிட்டால் கடையில் அவள் மட்டும்தான்.

நுன்ஸியாவுக்கும் அந்தப் பார்வை புரிந்தது. ஐஸ் பெட்டியை இறுக்கி மூடினாள். வேனுக்குள் ஏற்றச் சொன்னாள். ஓட்டுநர் கதவைத் திறந்து பாதி ஏறியவள், நின்று ரோவீனாவைப் பார்த்தாள்.

"அங்க ரொம்பக் குளிருமா?"

"குளிரும். பனிகூடக் கொட்டும்."

நுன்ஸியா தலையை ஆட்டினாள். பிறகு கீழே இறங்கி, சாவியை மகன் கையில் கொடுத்தாள்.

"நீ ஓட்டு. நான் யோசிக்கணும்."

வேன் முன்னால் போயிற்று. கிராசியெல்லா தன் காரில் பின்னால் போனாள். நகரத்தைத் தாண்டுவதற்கு முன் ஒரு சிவப்பு விளக்கில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வேனுக்குள் அம்மாவின் இரண்டு கைகளும் விடாமல் பேசிக்கொண்டிருந்தன. கொராடோவும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பதில் பேசினான். என்ன பேசுகிறார்கள் என்று கேட்க அவள் கண்ணாடியை இறக்குவதற்குள் பச்சை விழுந்துவிட்டது.